விளக்கின் அடியில் குத்திய முத்திரை

அன்பு மகளுக்கு,

ஓசூரில் சம்பாதிக்கிற பணத்தில் பழைய அமெரிக்கக் கண்ணாடி விளக்குகளைச் சேர்க்க ஆசைப்படுகிறாய் என்று அறிந்தேன். நல்ல ஆசைதான், தடுக்க மாட்டேன். ஆனால் அடித்தட்டில் குத்தியிருக்கும் பெயரை வைத்து விலை பேசாதே. கண்ணாடியையும் வேலைப்பாட்டையும் பார்த்துப் பேசு. இந்தப் பொருளில் போலி செய்ய மிக எளிதானது பெயர்தான். 'டிஃபனி ஸ்டூடியோஸ் நியூயார்க்' என்று குத்த ஓர் அச்சு இருந்தால் போதும்; அது எவ்வளவு சின்ன வேலை என்பது டூல் ரூமில் நிற்கிற உனக்கே தெரியும். கண்ணாடியில் அப்படி ஏமாற்றுவது கடினம். லூயி கம்ஃபர்ட் டிஃபனியின் பட்டறையில், உருக்கும்போதே பல நிறங்கள் கலந்த தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதழின் மடிப்புக்கும் இலையின் நிழலுக்கும் ஒத்துவரும் இடத்தைத் தேடி வெட்டினார்கள். துண்டின் விளிம்பில் செப்புத் தாளைச் சுற்றிப் பற்று வைத்து இணைத்தார்கள். அவசர நகலில் எல்லா இலையும் ஒரே பச்சையாக இருக்கும், பற்று தடித்துத் திரண்டிருக்கும். (ஹாண்டல், பேர்பாயிண்ட் என்ற வேறு ஆலைகளின் விளக்குகள் பலவற்றில் கூண்டின் உட்புறம் வண்ணம் தீட்டியிருப்பார்கள். அங்கே தீட்டிய வண்ணம் போலிக்கு அடையாளமல்ல.)

செய்தவரைப் பெயர்தானே காட்டும் என்பாய். உண்மையான முத்திரைகூட முழுதாகக் காட்டவில்லை. தும்பி விளக்கு, விஸ்டீரியா விளக்கு இரண்டும் நெடுங்காலம் டிஃபனியின் கற்பனையென்றே கருதப்பட்டன. கண்ணாடி வெட்டும் பெண்கள் பிரிவுக்குத் தலைமை வகித்த கிளாரா டிரிஸ்கால் தன் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்களை ஆய்வாளர்கள் படித்த பிறகே அந்த விளக்குகள் அவருடைய வடிவங்கள் என்று பரவலாகத் தெரிந்தது. 2007-இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் அதைக் கண்காட்சியாகவே வைத்தது. ஓசூர்ப் பக்கம் கைபேசிப் பாகம் செய்யும் ஆலையில் எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், பெட்டியின் மேல் யார் பெயர் இருக்கிறது என்று யோசித்துப் பார், புரியும். பெயரை மட்டும் வாங்குகிறவர் கிளாராவைப் பார்க்கவே மாட்டார்.

சந்தை பெயருக்குத்தானே பணம் தருகிறது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. 2018-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் டிஃபனியின் அல்லி விளக்கு ஒன்று 33 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த விலைக்குப் பின்னால் இருப்பது முத்திரை மட்டுமல்ல. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறும் வல்லுநர்களின் சோதனையும் சேர்ந்தே அதைத் தாங்குகின்றன. அந்தத் தரத்து விளக்கு நம் சம்பளத்துக்கு எட்டாது. எட்டக்கூடியவை, அதே காலத்தில் வேறு ஆலைகள் பெயர் பொறிக்காமலே செய்த கூண்டு விளக்குகளும், மேற்கு வர்ஜீனியாவின் ஃபென்டன் போன்ற பிற்காலத்து ஆலைகளின் மேசை விளக்குகளும்தான். பெரிய பெயர் இல்லாததால் சந்தை அவற்றைக் குறைத்து மதிக்கிறது. கண்ணுள்ளவளுக்கு அது லாபம்.

நம்மூர் விளக்குகளை விட்டு அமெரிக்கா எதற்கு என்று உன் அம்மா கேட்டால் அந்தக் கேள்வியை ஒதுக்காதே. அமெரிக்க வரவேற்பறைகளுக்கென்று செய்த மின்விளக்குகள் நம் வீடுகளுக்கு அதிகம் வரவில்லை. வந்தது அமெரிக்க டீட்ஸ் கம்பெனியின் அரிக்கேன் லாந்தர். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் பெங்களூரிலும் முதலில் அவற்றைக் கையில் எடுத்துப் பார். எது பழைய துரு, எது பூசிய துரு, எந்தக் கண்ணாடி பிறகு மாட்டியது என்று கை பழகட்டும். அந்தப் பாடத்துக்குச் செலவு குறைவு.

பிறகு அமெரிக்க விளக்கைப் பார்க்கப் போகும்போது மரை அளக்கும் உன் பிட்ச் கேஜை எடுத்துப் போ. பழைய அமெரிக்க விளக்கில் மரை அங்குல அளவில் இருக்கும். மில்லிமீட்டர் மரை இருந்தால் பாகம் மாற்றப்பட்டது, அல்லது முழுவதுமே நகல். எது என்று கேட்டுத் தெளிந்த பிறகே மேலே பேசு. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பழைய வயரை மாற்றாமல் பிளக்கைச் செருகாதே, கழற்றிய ஹோல்டரைப் பத்திரமாக வை. பணம் அனுப்புமுன் பல்பு எரியும் படம், அணைந்த படம், கூண்டின் உட்புறம், அடித்தட்டு என்று நான்கு படம் கேட்டு வாங்கி எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா