மேடையில் அடித்த ஆணியைப் பிடுங்குவது எப்படி?

(அறிவியல் பகுதி)



போன வருஷம் ஆண்டு விழா முடிந்த மறுநாள், மேடையில் விரித்த சிவப்புக் கார்ப்பெட்டை எடுக்கும் வேலை எங்கள் வகுப்புக்கு வந்தது. ஓரம் நழுவாமல் இருக்க மெல்லிய ரீப்பர் கட்டை வைத்து, தரையோடு ஆணி அடித்திருந்தார்கள். நான் திருப்புளியை விட்டு நெம்பினேன். திருப்புளி வளைந்தது, சிமெண்டும் பெயர்ந்தது. அதைவிட மோசம், நான் எடுக்காமல் விட்ட ஓர் ஆணி ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் காலில் ஏறிவிட்டது.

எங்க பெரியப்பா உத்திரமேரூரில் தச்சு வேலை செய்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "அடிக்கும்போதே பிடுங்கறதையும் யோசிச்சு அடிக்கணும்டா" என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததை நம்ம பாடத்தோடு சேர்த்து எழுதுகிறேன்.

பாடம் சொல்வது:
பின்பக்கம் பிளவுள்ள சுத்தியல் ஒரு நெம்புகோல். ஆதாரப்புள்ளியிலிருந்து கைப்பிடி 30 செ.மீ., ஆணி 3 செ.மீ. என்றால் 30 ÷ 3 = 10. நாம் 10 கிலோ பலம் கொடுத்தால் ஆணியை 100 கிலோ பலம் இழுக்கும். அதே 100 கிலோ தரையையும் அழுத்தும்!
அழுத்தம் = விசை ÷ பரப்பு. சுத்தியல் படும் இடம் 1 சதுர செ.மீ. அடியில் 10 செ.மீ. சதுரக் கெட்டிப் பலகை வைத்தால் பரப்பு 100 சதுர செ.மீ. தரை தப்பித்தது.

செய்முறை:
1. செருப்பு போடு. கண்ணுக்குக் கண்ணாடி போடு.
2. ஆணிக்குப் பக்கத்திலேயே நெம்பு. நடுவில் நெம்பினால் ரீப்பர் ஒடியும்.
3. ரீப்பர் கொஞ்சம் எழும்பியதும் அதைத் திரும்பக் கீழே தட்டு. ஆணித் தலை மேலே நிற்கும். பலகை வைத்துச் சுத்தியலால் இழு.
4. தலை ஒடிந்த ஆணியைக் குறடால் கவ்விப் பக்கவாட்டில் சாய்த்து எடு.
5. உளியால் நெம்பாதே, வாய் உடையும். சுத்தியலைச் சுத்தியலால் அடிக்காதே, துண்டு தெறிக்கும்.
6. பிடுங்கிய ஆணிகளை எண்ணு. கடைசியில் தரை மேல் காந்தத்தை ஓட்டு.

சிமெண்டில் இறங்குவது கான்கிரீட் ஆணிதான். அது வளையாது, ஒடிந்து தெறிக்கும். அதனால் அடுத்த முறை கார்ப்பெட் ஓரத்தைப் பலகையில் அடித்து, பின்பக்கம் மணல் மூட்டை வைக்கலாம். தரையில் ஆணியே வேண்டாம்.

தெரிந்துகொள்வோம்:
ரண ஜன்னி துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமியால் வருகிறது. ஆணி குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும். 10, 16 வயதில் போடும் டி.டி. ஊசியைத் தவறவிடாதீர்கள்.

நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் கி.பி. 919, 921-இல் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளை இன்றும் படிக்கலாம். கல்லில் வெட்டியது தானாக அழியாது. நான் மேடையில் போட்ட ஓட்டையும் அப்படித்தான், தானாக மூடாது!

கேள்வி: பாக்குவெட்டி எந்த வகை நெம்புகோல்? விடை அடுத்த இதழில்.

– 9-ஆம் வகுப்பு மாணவன்