நள்ளிரவில் விடிந்த வானம்

1859ஆம் ஆண்டு. செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் ராக்கி மலையில் சிலர் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். நள்ளிரவு தாண்டியது. திடீரென்று நல்ல வெளிச்சம். எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். "பொழுது விடிந்துவிட்டது" என்றார்கள் சிலர். காலைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினார்கள்.

சூரியன் உதிக்கவில்லை. வானம்தான் ஒளிவிட்டது. அந்த வெளிச்சத்தில் அச்செழுத்தைக்கூட வாசிக்க முடிந்தது! அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். நாமாக இருந்தாலும் அடுப்பு மூட்டியிருப்போம்.

அதன் பெயர் வடதுருவ ஒளி. வடக்கே பனி சூழ்ந்த நார்வே நாட்டில் அடிக்கடி தெரியும். அங்கே இருப்பவர்களுக்கு அது புதிதல்ல. ஆனால் அன்று இரவு அது கியூபா வரைக்கும் தெரிந்தது. கியூபா தெற்கே இருக்கும் வெயில் நாடு. கரும்பு விளையும் பூமி.

இது எப்படி நடந்தது?

செப்டம்பர் 1ஆம் தேதி காலை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் என்பவர் சூரியனில் இருக்கும் கரும்புள்ளிகளைப் படமாக வரைந்துகொண்டிருந்தார். அங்கே பளீரென்று ஓர் ஒளி தோன்றியது. சில நிமிடங்களில் மறைந்தது. சுமார் 17 மணி நேரம் கழித்துப் பூமியின் வானம் சிவந்தது.

சூரியன் சில நேரம் மின்சக்தி கொண்ட துகள்களை வாரி வீசும். இதுதான் சூரியப் புயல். வழக்கமாக இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். பூமி ஒரு பெரிய காந்தம். அது துகள்களைத் துருவங்களின் பக்கம் திருப்பிவிடும். அங்கே அவை காற்றில் மோதும். காற்று ஒளிவிடும். புயல் பெரிதானால் ஒளி தெற்கேயும் பரவும். இந்த ஒளி கீழே பச்சை, மேலே சிவப்பு. தூரத்து ஊரின் கோபுரத்தில் உச்சி மட்டும் தெரிகிறதல்லவா? அதுபோலத் தெற்கே இருப்பவர்களுக்கு மேலே உள்ள சிவப்பு மட்டும் தெரியும்.

புயல் கம்பிகளிலும் புகுந்தது. தந்தி நிலையங்களில் வேலை செய்த சிலருக்கு ஷாக் அடித்தது. பாஸ்டன், போர்ட்லாண்ட் என்ற இரண்டு ஊர்களில் தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். வானம் கொடுத்த மின்சாரத்திலேயே இரண்டு மணி நேரம் சேதி அனுப்பிக்கொண்டார்கள். நம் பம்பாயிலும் ஒரு சாட்சி உண்டு. கொலாபாவில் பூமியின் காந்தத்தை அளக்கும் கருவி இருந்தது. அதில் அந்தப் புயல் பதிவாகியிருக்கிறது.

அன்று இருந்தது தந்திக் கம்பி மட்டும். இன்று மின்கம்பி இல்லாத ஊர் எது? 1989 மார்ச் மாதம் ஒரு சூரியப் புயல் வந்தது. கனடாவின் கியூபெக் மாநிலமே இருண்டது. 60 லட்சம் பேருக்கு மின்சாரம் இல்லை. சரிசெய்ய 9 மணி நேரம் ஆனது.

2024 மே 10ஆம் தேதி இரவு இன்னொரு பெரிய புயல். அன்று லடாக்கில் ஹான்லே வானமும் சிவந்தது. அங்கே நம் நாட்டின் வானிலாய்வுக் கூடம் இருக்கிறது. அங்கே இருந்த கேமராவில் அந்தச் சிவப்பு பதிவானது.

அதற்குள் நம் ஆதித்யா எல்-1 விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. பெரும் புயல் அந்த இடத்தைக் கடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பூமியைத் தொட்டுவிடும். மின் நிலையத்தார் தங்கள் கருவிகளைக் காப்பாற்றிக்கொள்ள அவ்வளவு நேரம்தான் உண்டு.