வராத வருமானத்தை நம்பி வாங்கிய கடன்

கேள்வி: பெரும் வருமானம் பார்க்கும் ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் கடனில் மூழ்குவது எப்படி?

பதில்: கிளப்பின் வருமானம் வெற்றி தோல்வியைப் பொறுத்து ஏறி இறங்கும்; வீரர்களின் சம்பளமோ பல ஆண்டு ஒப்பந்தத்தால் உறுதியானது. இந்த இடைவெளிதான் கிளப்புகளைக் கவிழ்க்கிறது.

இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் இதற்குத் தெளிவான உதாரணம். ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் தொடர்ந்து ஆடுவோம் என்று கணக்குப் போட்டு, வருங்கால டிக்கெட் வசூலை ஈடாக வைத்து அது 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. 2000-இல் ரியோ ஃபெர்டினாண்ட் என்ற வீரரை வாங்க மட்டும் 1.8 கோடி பவுண்டு கொடுத்தது. 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்ற அணி, அடுத்த பருவங்களில் அந்தப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. அதன் ஒளிபரப்புப் பணம் நின்றது, வட்டி நிற்கவில்லை. 2002-இல் ஃபெர்டினாண்ட் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். மற்ற முன்னணி வீரர்களும் ஒவ்வொருவராக வெளியேறினர். 2004-இல் இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய கிளப், சொந்த மைதானமான எலண்ட் ரோட்டையும் விற்றது. 2007-இல் நொடித்துப்போய், 10 புள்ளிகளை இழந்து மூன்றாம் நிலை லீக்குக்குச் சரிந்தது. பிரீமியர் லீக்குக்குத் திரும்ப 2020 ஆயிற்று.

இத்தகைய சரிவுகளைத் தடுக்க, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா செலவுக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. 2022-இல் ஏற்ற விதிப்படி, வீரர்களின் சம்பளம், மாற்றுக் கட்டணம், முகவர் தரகு ஆகியவை படிப்படியாகக் கிளப் வருமானத்தில் 70 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும்.