நெல் ஏற்றும் எலிவேட்டரும் பேடண்ட் உரிமையும்

அரிசி ஆலைக்கு நெல் கொண்டு செல்லும் விவசாயிகள் அங்கே எலிவேட்டரைப் பார்த்திருப்பீர்கள். பெல்ட்டில் வரிசையாகப் பொருத்திய சிறு வாளிகள், குழியில் கொட்டிய நெல்லை அள்ளி மேல்தளத்தில் கொட்டுகின்றன. இந்த எளிய சாதனத்தின் பின்னால் நீண்ட வழக்கு ஒன்று உண்டு. புதுக் கருவி செய்யும் விவசாயிக்கு அதில் நல்ல பாடம் இருக்கிறது.

எவன்சின் மாவு ஆலை

அமெரிக்காவின் டெலவேர் பகுதியைச் சேர்ந்தவர் ஆலிவர் எவன்ஸ். அக்காலத்தில் ஆட்கள் கோதுமை மூட்டையை முதுகில் சுமந்து ஏணி ஏறினர். அவர்கள் கால் அழுக்கும் மாவில் கலந்தது. எவன்ஸ் தானியத்தை மேலே ஏற்ற வாளி எலிவேட்டரையும், பக்கவாட்டில் தள்ளத் திருகுத் தண்டையும், சூடான மாவைப் பரப்பி ஆற்றச் சுழலும் பரம்பையும் ஒன்றாக இணைத்தார். 1790 டிசம்பர் 18-ல் அவருக்குப் பேடண்ட் கிடைத்தது. அமெரிக்காவில் வழங்கப்பட்ட மூன்றாவது பேடண்ட் அது.

பழையது எது, புதியது எது?

14 ஆண்டுக் காலம் முடிந்தபின், 1808-ல் தனிச் சட்டத்தின் மூலம் எவன்ஸ் மீண்டும் உரிமை பெற்றார். அவர் கேட்ட கட்டணத்தை ஆலைக்காரர்கள் எதிர்த்தனர். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெபர்சன் 1813-ல் எழுதிய கடிதத்தில், வாளி வரிசை என்பது கிணற்றில் நீர் இறைக்கும் பாரசீகச் சக்கரமே என்றும், திருகுத் தண்டு ஆர்க்கிமிடிஸ் காலத்தது என்றும் வாதிட்டார். நீருக்குப் பதில் தானியத்தை ஏற்றினால் மட்டும் புதுக் கண்டுபிடிப்பாகிவிடாது என்பது அவர் கட்சி.

எவன்ஸ் 1819-ல் காலமானார். அவர் தொடுத்த வழக்கு ஒன்றில் 1822-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பரம்புக் கருவியில் முன்பே இருந்தது எது, தாம் சேர்த்தது எது என்று விவரணத்தில் பிரித்துக் காட்டவில்லை என்பதே காரணம்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. நம் நாட்டுச் சட்டப்படி, தெரிந்த கருவிகளைத் தனித்தனியே இயங்கும்படி அடுக்கி வைப்பது மட்டும் கண்டுபிடிப்பாகாது. சாகுபடி முறைக்கும் பேடண்ட் இல்லை. புதிய அமைப்புள்ள கருவிக்குக் கேட்கலாம்.

2. மனுச் செய்யும் முன் கருவியைப் பலரறியக் காட்டக் கூடாது. காட்டினால் புதுமை போய்விடும். முதலில் தற்காலிக விவரணம் கொடுத்து, 12 மாதத்துக்குள் முழு விவரணம் தரலாம். அதில் பழையது எது, தாம் செய்தது எது என்று தெளிவாக எழுத வேண்டும்.

3. பேடண்ட் காலம் மனுத் தேதியிலிருந்து 20 ஆண்டுகள். ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் முன்னதாகவே காலாவதியாகும். காலாவதியான சாதனத்தை ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம்.

4. பேடண்ட் என்பது தரச் சான்று அல்ல. அதைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், எண்ணையும் ஆண்டையும் கேளுங்கள். பின், உங்கள் நெல்லையே போட்டு ஓட்டச் சொல்லுங்கள். எவ்வளவு நெல் உடைகிறது, திருகுத் தண்டின் வாயில் கை போகாதபடி கம்பித் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுப்பது அதன் பிறகே.