காற்று வராத காரும் குளிராத காற்றும்

சிரஞ்சீவி முருகேசனுக்கு,

உச்ச வேகமான நான்காம் எண்ணில் மட்டும் புளோயர் ஓடுகிற காருக்கு மோட்டாரை மாற்றலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். வேண்டாம். குமிழைத் திருகி வேகம் மாற்றுகிற கார்களில், கீழ்வேகங்களுக்குரிய மின்சாரம் ரெசிஸ்டரின் வழியே வலுக்குறைந்து மோட்டாரை அடைய, உச்ச வேகத்துக்குரியதோ ரெசிஸ்டரைத் தொடாமல் நேராகவே சென்றுவிடுவதால், உச்ச வேகம் ஒன்று மட்டும் எஞ்சியிருப்பது, மோட்டார் இறந்துவிடவில்லை, ரெசிஸ்டரோ அதன் கனெக்டரோதான் கருகியிருக்கிறது என்பதற்குப் போதிய பிரமாணமாகும்.

ஆயினும் புது ரெசிஸ்டரை மாட்டி உடனே வண்டியை அனுப்பிவிடாதே. காரணத்தை விசாரியாமல் காரியத்தை மட்டும் திருத்துவது பட்டறைகளில் மலிந்துவிட்ட வழக்கம்; அது உன்னிடம் படியக்கூடாதென்பது என் பேரவா. புளோயர் வீசும் காற்றிலேயே தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும்படி ரெசிஸ்டரை அந்தக் காற்றின் வழியிலேயே அமைத்திருக்கிறார்கள். ஏ.சி. ஃபில்டரில் புழுதியும் சருகும் அடைத்துக் காற்று குன்றினாலும், மோட்டாரின் புஷ் வறண்டு சுழற்சி இறுகி அது அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுத்தாலும், நீ மாட்டும் புதியதும் பழையதன் கதியையே அடையும். ஆகையால் ஃபில்டரைக் கழற்றிப் பார். விசிறியைக் கையால் சுழற்றிப் பார். மோட்டார் இழுக்கும் ஆம்பியரையும் அளந்துகொள்.

எந்த வேகத்திலும் ஓடாவிடில் ஃபியூஸ், ரிலே, எர்த் ஆகியவற்றைச் சோதி. மோட்டாரின் வாயிலில் 12 வோல்ட்டும் நல்ல எர்த்தும் இருந்தும் அது அசையாமலிருந்து, மெல்லத் தட்டியதும் ஓடத் தொடங்குமானால், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

காற்று வந்தும் குளிரவில்லையென்றால், கருவியை எடுக்குமுன் எப்போது குளிரவில்லை என்று ஓட்டுபவரிடம் கேள். ஓடும்போது குளிர்ந்து, அவிநாசி சாலை நெரிசலில் நிற்கும்போது சூடாகுமானால் கண்டென்சர் ஃபேனைப் பார். முதலில் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்து, சற்று நிறுத்திவைத்ததும் மீளுமானால், கூலிங் காயிலில் பனி உறைகிறது.

இவ்விரண்டையும் ஆராயாமல் ‘கேஸ் ஏற்றினால் சரியாகும்’ என்று சொல்பவர்கள் உன்னைச் சுற்றிலும் இருப்பார்கள். கேஸ் பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதன்று. பல வருஷங்களில் அற்பமாகக் கசியலாமேயன்றி, ஒரே கோடையில் தீர்ந்துபோனால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கம்ப்ரசர் எண்ணெயும் கேஸோடு சேர்ந்தே சஞ்சரிப்பதால், எண்ணெய்க் கறை படிந்த மூட்டைத் தேடு. கேஸ் குறைந்ததும் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிற பிரஷர் சுவிட்சை ஒயரால் இணைத்து ஏமாற்றுவாருமுண்டு. எண்ணெய் சேராமல் கம்ப்ரசர் இறுகி நாசமாவதே அதன் பலன். கேஸை வீணே வெளியில் விடுவதும் தவறு. ஓசோன் படலத்தை அழித்த ஆர்-12 என்னும் பழைய கேஸை விலக்க 1987ஆம் வருஷத்து மாண்ட்ரியால் ஒப்பந்தம் வழிவகுத்தது. அதன் ஸ்தானத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாதாயினும், வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமிலவாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அதை வெளியில் திறந்துவிடாமல் இயந்திரத்தால் மீட்டெடுப்பது உன் தர்மம்.

உதகைக்கு ஏறும் வண்டிகளால் ஹீட்டர் வேலையும் உன்னிடம் வரும். எஞ்சின் சூடான பின்பு ஹீட்டருக்குச் செல்லும் இரு ஹோஸ்களில் ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால், உள்ளே சூடுநீர் ஓடவில்லை. வால்வு இருந்தால் அதைப் பார்த்துவிட்டு, பிறகு ஹீட்டர் கோரில் அடைப்பா என்று பார். இரண்டுமே வெதுவெதுப்பானால் கூலண்ட் குறைவு, அல்லது தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறது. கூலண்ட் அளவைப் பார்க்க எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திரு. சூட்டில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறவாதே.

இப்படிக்கு,
உன் மாமா