மறைந்தும் மறையாத ஒரு மெட்டு

கேள்வி: அமெரிக்காவில் ஐஸ்கிரீம் வண்டிகள்கூட ஒலித்துச் செல்லும் ‘தி என்டர்டெய்னர்’ என்ற பியானோ மெட்டு யாருடையது? அது இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் என்ன?

பதில்: அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட ஒரு தந்தைக்கு மகனாகப் பிறந்து, டெக்சாஸ் மாநிலத்தின் எளிய சூழ்நிலையில் வளர்ந்து, ‘மேப்பிள் லீஃப் ராக்’ என்னும் உருப்படியை 1899-இல் வெளியிட்டுக் கீர்த்தி பெற்ற ஸ்காட் ஜாப்ளின் என்ற கறுப்பின மேதையின் சிருஷ்டி இது; 1902-இல் பிரசுரமாயிற்று. இந்த மெட்டு ‘ராக்டைம்’ என்னும் சங்கீத வகையைச் சேர்ந்தது; அதில், இடது கை தாளம் சற்றும் பிசகாமல் சீராக நடைபோட, வலது கையோ அடி விழவேண்டிய இடத்தை முந்தியும் பிந்தியும் மெட்டைத் துள்ளவிடுகிறது. நியமமும் சுதந்திரமும் இவ்வாறு கைகோத்துச் செல்வதில்தான் இதன் வசீகரம் இருக்கிறது.

புகழ் மங்கி 1917-இல் நியூயார்க்கில் காலமான ஜாப்ளினின் சமாதிக்கு, ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக ஒரு பெயர்க்கல்கூட இருக்கவில்லை. ஆயினும், 1970-இல் பியானோ கலைஞர் ஜோஷுவா ரிஃப்கின் ஜாப்ளினின் உருப்படிகளை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு ரசிகர்களின் செவியைத் திறக்க, 1973-இல் வந்த ‘தி ஸ்டிங்’ திரைப்படத்தில் இசையமைப்பாளர் மார்வின் ஹாம்லிஷ் இந்த மெட்டைக் கையாண்டு ஆஸ்கார் பரிசும் பெற, உலகமே அதை மீண்டும் முணுமுணுக்கலாயிற்று. 1976-இல் ஜாப்ளினுக்குப் புலிட்சர் சிறப்பு விருதும் அளிக்கப்பட்டது.

குதூகலத்தின் அடியில் மெல்லிய சோகத்தையும் இழையவிட்டிருக்கும் இந்த இசை, கேட்கும் குழந்தையையும் முதியவரையும் ஒருங்கே தொடுகிறது. உண்மையான கலைக்குக் காலம் திரையிடலாமே தவிர, அதன் ஜீவனை அழிக்க முடியாது.