காப்புறுதியில் முதற்செலவு யாருடையது?

மருத்துவக் காப்புறுதி எடுக்கும் குடும்பங்கள் பல, கட்டுப்பணம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடுகின்றன. மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகக் காணியை விட்டுவந்து, கையில் உள்ளதை எண்ணிச் செலவிடும் நமக்கு அது போதாது. ‘டிடக்டிபிள்’ அல்லது ‘எக்செஸ்’ என்று ஒரு தொகை பத்திரத்தில் இருக்கலாம். வைத்தியச் செலவில் முதலில் நாம் தாங்கவேண்டிய பங்கு அது. அதற்கு மேற்பட்டதையே கம்பனி பார்க்கும். இதை முற்பங்கு என்போம்.

முற்பங்கு 10,000 ரூபா, பில் 35,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நாம் 10,000 கொடுக்க, கம்பனி 25,000 கொடுக்கும். பில் 8,000 ஆனால் கம்பனி எதுவும் தராது.

சிக்கல் குடும்பத்தில்தான் வருகிறது. ஒரே வருடத்தில் வீட்டில் மூவருக்கு டெங்கு; ஆளுக்கு 8,000 ரூபா, மொத்தம் 24,000. முற்பங்கு ஆளுக்கு 10,000 என்றால் யாருடைய செலவும் அந்த அளவைத் தொடவில்லை. ஒரு சதமும் கிடைக்காது. முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு 10,000 என்றால் 14,000 கிடைக்கும். இரண்டு பத்திரத்திலும் எழுதியிருப்பது ‘பத்தாயிரம்’ என்ற ஒரே எண்தான்! வருடத்துக்கு ஒருமுறையா, ஒவ்வொரு கோரிக்கைக்குமா என்பதையும் கேட்கவேண்டும்.

சுவிஸில் உறவினர் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். அங்கே 1996 முதல் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். வளர்ந்தவர் ஒருவர் வருடத்தில் குறைந்தது முதல் 300 பிராங்கைத் தாமே கட்டுகிறார். அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு, 700 பிராங்க் வரை. விரும்பினால் முற்பங்கை 2,500 வரை உயர்த்தலாம், கட்டுப்பணம் குறையும். பிள்ளைகளுக்கு முற்பங்கு கட்டாயமில்லை.

கட்டுப்பணம் மலிவு என்று பெரிய முற்பங்கை ஏற்பவர், அந்தத் தொகையைக் கையில் வைத்திருக்கவும் வேண்டும். மிளகு விற்ற காசிலோ, வெங்காயக் காசிலோ அதை ஒதுக்க முடியாத குடும்பத்துக்கு அந்தப் பத்திரம் பொருந்தாது என்பதே எம் எண்ணம். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பொது வார்ட்டில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. முற்பங்குக் காசு இல்லையென்று காய்ச்சலோடு வீட்டில் கிடக்கவேண்டாம்.

முகவரின் பதில்களை எழுத்தில் வாங்குங்கள். கம்பனி பத்திரப்படி நடக்காவிட்டால் முதலில் கம்பனிக்கே எழுதுங்கள். தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். அதற்குப் பத்திரம், பில், பற்றுச்சீட்டு எல்லாம் கையில் இருக்கவேண்டும்.